பிரைமா, ஜூமா? நெல்லைச் சீமையில் அடுத்த லென்ஸ் வாங்கப்போகிறவர்களுக்கு

கேமராவுடன் சேர்ந்து வந்த 18-55 கிட் லென்ஸில் சில மாதங்கள் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு இரண்டு குறைகள் கண்ணில் படத் தொடங்கும். ஊர்க் கொடைத் திருவிழாவில் இரவில் எடுத்த படங்கள் கலங்கலாக இருக்கும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த நாரை, படத்தின் நடுவே வெறும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். உடனே அடுத்த லென்ஸ் பற்றிய பேச்சு ஆரம்பமாகும். தெரிந்தவர்களிடம் யோசனை கேட்டால் ஒருவர், “50 எஃப் 1.8 வாங்குங்கள், வேறெதுவும் வேண்டாம்” என்பார். கல்யாண வேலை பார்க்கிறவரிடம் கேட்டால், “ஜூம் இல்லாமல் ஒன்றும் நடக்காது, தம்பி” என்பார். இரண்டு பேரும் அனுபவித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது அவரவர் எடுக்கும் படங்களுக்கு உரிய பதில்.

உங்களுக்கு உரிய பதிலைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. உங்கள் படங்கள் கெட்டுப்போவது வெளிச்சம் போதாததாலா, அல்லது நின்ற இடத்தைவிட்டு நகர முடியாததாலா? வெளிச்சம்தான் குறை என்றால், காட்சியைப் பெரிதாக்க முடியாத, ஆனால் அகலமாகத் திறக்கும் பிரைம் லென்ஸ் வாங்குங்கள். நகர முடியாததுதான் குறை என்றால் ஜூம். இந்தக் கேள்விகளுக்கு மனத்தளவில் பதில் சொல்லிவிடாமல், படங்களை வைத்துக்கொண்டு பதில் தேட வேண்டும். அதற்கான வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். முதல் மூன்று வேலைகளுக்கு ஒரு பைசா செலவில்லை.

முதல் வேலை: லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது

கிட் லென்ஸின் முன்வளையத்தில் 18-55 மி.மீ., 1:3.5-5.6 என்று பொறித்திருக்கும். முதல் இரண்டு எண்கள் குவியத் தொலைவைக் குறிப்பவை. 18-இல் அகன்ற காட்சி கிடைக்கும், 55-இல் காட்சி குறுகி நெருங்கி வரும். இடையில் உள்ள எந்த எண்ணுக்கும் வளையத்தைத் திருப்பிப் போகலாம் என்பதால் இது ஜூம். 35 என்றோ 50 என்றோ ஒரே எண் இருந்தால் அது பிரைம். காட்சியைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் நீங்கள்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

அடுத்த இரண்டு எண்கள்தான் புதியவர்களைக் குழப்புகின்றன. அவை அபர்ச்சர், அதாவது உள்ளே இருக்கும் துளை எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கின்றன. எண் சிறியதானால் திறப்பு பெரியது. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எண் என்பதால்தான் இப்படித் தலைகீழாகத் தோன்றுகிறது. 50 எஃப் 1.8 லென்ஸில் துளையின் விட்டம் ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அங்கே விட்டம் 10 மி.மீ. அளவுதான்.

இரண்டு லென்ஸ்களின் வெளிச்ச வித்தியாசத்தைக் கணக்கிட வேண்டுமானால் 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்குங்கள். 9.7 வரும். அதாவது அதே விளக்கொளியில், அதே ஷட்டர் வேகத்தில் (சென்சார் வெளிச்சம் வாங்கும் நேரத்தில்), பிரைம் லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தைச் சென்சாருக்குக் கொடுக்கிறது. இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் மீதி எல்லாமே விளங்கிவிடும்.

ஜூம் லென்ஸ்களும் எஃப் 1.8 ஆகவே இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். 200 மி.மீ. குவியத் தொலைவில் எஃப் 2.8 வேண்டுமானால்கூடத் துளை 71 மி.மீ. விட்டத்துக்குத் திறக்க வேண்டும். முன் கண்ணாடியும் அதற்குத் தக்கபடி பெரிதாகும். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான 70-200 எஃப் 2.8 லென்ஸ்கள் ஒன்றரைக் கிலோவை ஒட்டி எடை வருவதற்குக் காரணம் இதுதான். 50 எஃப் 1.8 வகை லென்ஸ்கள் பல 200 கிராமுக்குள் முடிந்துவிடுகின்றன. விலையிலும் இதே கதைதான். பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் மிக மலிவான லென்ஸ்களுள் ஒன்றாக 50 எஃப் 1.8 இருக்கும். எஃப் 2.8 ஜூம் அதைப்போல் பல மடங்கு.

இன்னொரு செய்தி. புதியவர்கள் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் சென்சார் ஏ.பி.எஸ்-சி என்னும் சிறிய அளவு. அதில் எந்த லென்ஸும், ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரைவிடக் குறுகலாகவே காட்டும். நிக்கான், சோனி, ஃபுஜி என்றால் 1.5-ஆலும் கேனான் என்றால் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 50 மி.மீ. லென்ஸ் அவற்றில் 75 அல்லது 80 மி.மீ. போலக் காட்சி தரும். “50 தான் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கும்” என்று சொல்பவர்கள் ஃபுல் ஃபிரேமை வைத்துச் சொல்கிறார்கள். ஏ.பி.எஸ்-சி கேமராவில் அந்த வேலையைச் செய்வது 35.

இரண்டாம் வேலை: பழைய படங்களைத் தோண்டுவது

நீங்கள் எடுத்த ஒவ்வொரு படத்திலும் குவியத் தொலைவு, அபர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) நான்கும் பதிவாகியிருக்கின்றன. கணினியில் படத்தின் விவரப் பகுதியைத் திறந்தால் தெரியும். கேமராவின் திரையிலேயே பார்க்கலாம். பிடித்த படங்களைத் தனியாகவும், நன்றாக வந்திருக்க வேண்டியும் கெட்டுப்போனவற்றைத் தனியாகவும் பிரித்துக்கொண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிடித்த படங்கள் பெரும்பாலும் 55-இல் நிற்கின்றன என்றால், அதற்கு மேலும் நெருங்க முயன்று முட்டி நின்றிருக்கிறீர்கள் என்று பொருள். 18-இல் குவிந்திருந்தால் அகலம் தேடுகிறீர்கள். 30-க்கும் 40-க்கும் இடையில் கூட்டமாக இருந்தால் 35 பிரைம் உங்களுக்குத் தானாகவே பொருந்தும்.

கெட்டுப்போன படங்களில்தான் உண்மையான பதில் இருக்கிறது. கலங்கல் இரண்டு விதம். சுவர், தூண், ஆள் எல்லாமே சேர்ந்து கலங்கியிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார், ஷட்டர் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. முதல் குறைக்கு லென்ஸில் இருக்கும் ஆட்டத் தடுப்பே மருந்து. கேனானில் ஐ.எஸ்., நிக்கானில் வி.ஆர்., டாம்ரானில் வி.சி. என்று எழுதியிருப்பது அதைத்தான். உங்கள் கிட் லென்ஸிலேயே இருக்கலாம், அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது குறையை எந்த ஆட்டத் தடுப்பும் தீர்க்காது. ஷட்டர் வேகம் கூட வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும்.

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் சிற்ப மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெளிச்சம் மங்கல்தான். ஆனாலும் அங்கே எஃப் 1.8 லென்ஸ் அவசியமில்லை. கல் அசையாது. ஆட்டத் தடுப்புள்ள கிட் லென்ஸை எஃப் 5.6-இல் வைத்து, தூணில் சாய்ந்துகொண்டு, 1/15 நொடியில் இரண்டு மூன்று தடவை எடுத்தால் ஒன்று தெளிவாக வந்துவிடும். சொல்லப்போனால், அகலமாகத் திறக்கத் திறக்கத் தெளிவாக விழும் ஆழம் குறையும் என்பதால், எஃப் 1.8-இல் எடுத்தால் சிற்பத்தின் மூக்கு தெளிந்து காதணி மங்கிவிடும். அந்த நுணுக்க வேலைப்பாட்டைக் காட்டத்தானே அங்கே போகிறோம்? கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி உண்டா, ட்ரைபாட் வைக்கலாமா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே இருட்டு என்றாலே பிரைம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இருட்டும் அசைவும் சேரும் இடத்தில்தான் பிரைம் தன் விலையைத் திருப்பித் தருகிறது.

மூன்றாம் வேலை: வளையத்தை ஓரிடத்தில் நிறுத்துவது

கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் வைத்து, நகராதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே படம் எடுங்கள். அடுத்த வாரம் 50-இல் ஒட்டுங்கள். வெளிச்ச லாபம் இதில் தெரியாது. ஆனால் ஒரே குவியத் தொலைவோடு வாழ முடியுமா, எந்தத் தொலைவு கைக்கு இசைகிறது என்பது தெரிந்துவிடும். வாங்கிய பிறகு வருத்தப்படுகிறவர்களில் பலர் லென்ஸ் வகையில் தவறுவதில்லை, 35-க்கும் 50-க்கும் இடையில்தான் தவறுகிறார்கள்.

அளவு தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. ஏ.பி.எஸ்-சி கேமராவைக் கிடையாகப் பிடித்து 3 மீட்டர் தள்ளி நின்றால், 18-இல் ஏறக்குறைய 4 மீட்டர் அகலம் படத்துக்குள் வரும். 35-இல் 2 மீட்டர். 50-இல் 1.4 மீட்டர். நம் பக்கத்து வீடுகளின் பட்டாசலில் (கூடத்தில்) நின்று பின்னால் சுவர் முட்டும்வரை போய்ப் பாருங்கள், இந்த எண்களின் அருமை புரியும்.

பத்தமடையில் பாய் நெய்யும் வீடொன்றுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாவு தரையோடு தரையாக நீண்டு கிடக்கிறது. நெய்கிற அம்மா அதன் குறுக்கே அமர்ந்து, மயிரிழையாகக் கிழித்துச் சாயம் ஏற்றிய கோரையை ஒவ்வொன்றாக நூல்களுக்கு இடையில் செலுத்தி, அச்சை இழுத்து அடிக்கிறார். வெளிச்சம் ஒற்றைச் சன்னலிலிருந்து வருகிறது. நீங்கள் பின்னால் போகக்கூடியது இரண்டரை மீட்டர். அங்கிருந்து 50 லென்ஸில் 1.2 மீட்டர் அகலத்துக்குள் அவருடைய முகமும் கையும் அடங்கும், பாயின் பெரும்பகுதி வெளியே போய்விடும். 35-இல் 1.7 மீட்டர் கிடைக்கும். ஆள், பாய், சன்னல் வெளிச்சம் விழும் தரை மூன்றும் உள்ளே வந்துவிடும்.

பிறகு விரல்களுக்கு அருகில் போக வேண்டும். இங்கே லென்ஸ் எவ்வளவு அருகில் ஃபோகஸ் செய்யும் என்பது முக்கியம். நிக்கானின் 50 எஃப் 1.8 ஜி லென்ஸ் 45 செ.மீ. வரைதான் நெருங்கும், அவர்களுடைய 35 எஃப் 1.8 டி.எக்ஸ். 30 செ.மீ. வரை போகும். 50 லென்ஸை 1 மீட்டர் தள்ளி எஃப் 1.8-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை செ.மீ. அளவுதான். விரல் நுனி தெளிவாக இருக்கும், அது பிடித்திருக்கும் கோரை கைக்குப் பின்னால் மங்கிப்போகும். திறப்பை எஃப் 4-க்குக் குறைத்தால் ஆழம் 6 செ.மீ. ஆகும். நெசவு தெரிய வேண்டிய படத்துக்கு அதுதான் சரி. பிரைம் வாங்கிவிட்டோம் என்பதற்காக எப்போதும் முழுக்கத் திறந்தே எடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு பிரைம் என்றால் எது என்று என்னைக் கேட்டால், ஏ.பி.எஸ்-சி கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு 35 என்பேன். நம் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் கடைகளுக்கும் அதுதான் இடம் கொடுக்கும். முகங்களே உங்களுக்கு எல்லாம் என்றால், அல்லது குழந்தைகளை முற்றத்தில் வைத்து எடுக்கிறீர்கள் என்றால் 50. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு 35 மலிவாகக் கிடைக்கிறது. கேனானில் 50 தான் மலிவு, 35-க்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்த்து 50-க்கு இறங்கி வருவதிலும் குறையில்லை.

கொடை இரவு

எங்கள் பக்கத்தில் கேமரா வாங்கும் இளைஞர்கள் முதலில் எடுக்க ஆசைப்படுவது ஊர்க் கொடையைத்தான். முத்தாரம்மனுக்கோ சுடலைமாடனுக்கோ இசக்கியம்மனுக்கோ கொடை நடக்கும்போது, பார்க்கத்தக்கவை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகே நடக்கின்றன. கிட் லென்ஸ் திணறுவதும் அங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வில்லுப்பாட்டு மேடையில் டியூப்லைட்டுகள் கட்டியிருப்பார்கள். பாட்டுக்காரர் வீசுகோலை ஓங்கி வில்லின் நாணில் அடிக்கிறார், மணிகள் குலுங்குகின்றன, பக்கத்தில் குடமும் உடுக்கையும் முழங்குகின்றன. அந்தக் கை தெளிவாக நிற்க 1/250 நொடி வேண்டும். இப்படிப்பட்ட மேடையில் எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 1600 வைத்தால் 1/250 கிடைக்கிறது என்று கொள்வோம். அதே ஐ.எஸ்.ஓ.வில் கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் ஷட்டர் 1/25-க்கு இறங்கிவிடும். முகம் ஓரளவு தேறும், கையும் வீசுகோலும் புகைபோல் கரைந்துவிடும். ஷட்டரை 1/250-இலேயே வைத்திருக்க ஐ.எஸ்.ஓ.வை 16,000 அளவுக்கு ஏற்ற வேண்டும். தொடக்கநிலைக் கேமராக்களில் அந்த அளவில் முகத்தின் நிறம் செத்துப் புள்ளிகள் பொரிந்துவிடும்.

சாமக்கொடையில் நிலைமை இன்னும் கடினம். டியூப்லைட் எட்டாத இடத்தில் தீப்பந்த வெளிச்சம் மட்டுமே இருக்கும். கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் என்னும் பறையை நெருப்பில் காட்டிப் பதம் பார்க்கும்போது, கீழிருந்து வரும் செவ்வொளி முகத்தில் விழும். எஃப் 1.8, 1/125, ஐ.எஸ்.ஓ. 3200 என்று வைத்து எடுத்துப் பாருங்கள். இருட்டாகத் தெரிந்தாலும் உடனே ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிவிடாதீர்கள். கேமராவின் வெளிச்ச மீட்டர் இரவைப் பகலாக்கப் பார்க்கும். பந்தத்தின் தீ வெளுத்துப் போகாமல், முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் போதும். கேமராவே ஷட்டரைத் தீர்மானிக்கும் முறையில் எடுத்தால், எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை மைனஸ் 1-க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாக அமையும்.

டியூப்லைட்டால் வரும் ஒரு தொல்லையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. சோக் வைத்த பழைய டியூப்லைட்டுகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் சிலவும் நொடிக்கு 100 தடவை மின்னி மறைகின்றன. 1/250-இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், நிறமும் மாறும், சிலவற்றில் பட்டை விழும். லென்ஸில் பழுது என்று பயந்துவிடாதீர்கள். அசைவு குறைந்த நேரத்தில் 1/100-க்கோ 1/50-க்கோ இறங்கினால் இது மறைந்துவிடும். ஆட்டம் நடக்கும்போது 1/250-இலேயே நின்று, ஒவ்வொரு தருணத்துக்கும் நாலைந்து படம் எடுத்து நல்லதைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சில கேமராக்களில் இந்த மினுக்கத்தைத் தவிர்க்கும் வசதி மெனுவில் இருக்கிறது, அதை இயக்கிவையுங்கள்.

ஃபிளாஷ் போட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். சாமியாடியின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பதை நான் ஒப்புவதில்லை. பந்த வெளிச்சம் படத்திலிருந்து காணாமல் போகும், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அங்கே நிற்பவர்களுக்கு அது வழிபாடு. முன்கூட்டியே வரிதாரர்களில் மூத்த அண்ணாச்சி ஒருவரிடம் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று கேட்டுவிடுங்கள். சாமி வேட்டைக்குப் போகும் இடத்துக்குக் கேமரா வரக்கூடாது என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். சின்ன பிரைம் லென்ஸுக்கு இங்கே இன்னொரு நன்மையும் உண்டு. கையளவு கேமராவைப் பார்த்து யாரும் கூச்சப்பட்டு விலகுவதில்லை.

பாளையங்கோட்டை தசராவில் அம்மன் சப்பரங்கள் நிற்கும் இரவும் இப்படித்தான். சப்பரம் முழுக்க விளக்கு எரிவதால் வெளிச்சம் கொடையைவிடத் தாராளம். சப்பரத்தை மட்டும் எடுக்கக் கிட் லென்ஸே போதும். அதைப் பார்த்து நிற்கும் மனிதர்களை எடுக்க பிரைம் வேண்டும்.

ஜூமுக்கு மாற்று இல்லாத இடங்கள்

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயிலின் ரதவீதியில் நின்று பாருங்கள். வடம் பிடிப்பவர்களும் பார்க்க வந்தவர்களுமாக நெருக்கியடித்து நிற்கும்போது ஓரடி முன்னே போக வழியில்லை, பின்னே போகவும் இல்லை. தேர் தொலைவில் திரும்பும்போது அதன் அலங்காரத்தை எட்டிப்பிடிக்க 100 மி.மீ.க்கு மேல் வேண்டும். அதே தேர் உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது 18-இல்கூட உச்சி வெட்டுப்படும். லென்ஸ் மாற்ற அங்கே நேரமும் கிடையாது, கையை மடக்க இடமும் கிடையாது. பகல் வெளிச்சம் தாராளமாக இருப்பதால் எஃப் 5.6, எஃப் 8 எதுவுமே குறையில்லை. 18-135, 18-140 போன்ற நெடிய ஜூம் ஒன்று இங்கே செய்கிற வேலையைப் பிரைம் லென்ஸ்கள் மூன்று சேர்ந்தாலும் செய்யாது.

வயல்காட்டிலும் அப்படியே. சேரன்மகாதேவிப் பக்கம் கார் நடவு நடக்கும்போது வரப்பில் நின்றுதான் எடுக்க முடியும். நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு நெருங்கக் கூடாது. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலை எடுக்கப் படித்துறையில் நிற்கும்போதும் தண்ணீர்தான் எல்லை.

கூந்தன்குளத்துக்கு வருவோம். கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஆகவே கூடுகளை எடுக்க 55-250, 70-300 போன்ற மலிவான தொலைவு ஜூம்களே போதும். குளத்தின் நடுவில் நிற்கும் பூநாரைகளுக்கு அவையும் எட்டா, அதற்காக மனம் தளர வேண்டாம்; கூட்டமாகப் பறந்தெழும் காட்சியை எடுங்கள். பறக்கும் பறவைக்கு 1/1000 நொடிக்குக் குறையாமல் ஷட்டர் வேண்டும். காலை வெயிலில் எஃப் 5.6-இல் அது எளிதாகக் கிடைக்கும். பொழுது சாய்ந்து பறவைகள் கூடு திரும்பும் நேரத்தில் இந்த லென்ஸ்கள் கைவிரித்துவிடும். வனத்துறை சொல்லும் எல்லைக்குள் நில்லுங்கள், கூட்டை நெருங்கிப் பறவையைக் கிளப்பிவிட வேண்டாம்.

ஆனி, ஆடிக் காற்றையும் கணக்கில் சேருங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். அங்கே லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் தூசி படியும். பிரைம் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரே லென்ஸோடு போய் வருவது நல்லது. மாற்றியே ஆக வேண்டுமானால் கார் கதவை அடைத்துக்கொண்டு, கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து மாற்றுங்கள்.

எஃப் 2.8 ஜூம் யாருக்கு?

வெளிச்சமும் குறைவு, நகரவும் முடியாது. முகூர்த்த நேரத்தில் மணமேடையைச் சுற்றி வீடியோக்காரர்களும் உறவினர்களும் நிற்கும்போது இந்த இரண்டு குறையும் ஒன்றாக வருகின்றன. பாளையங்கோட்டையில் தேவாலயத் திருமணம் என்றால் பீடத்தருகே நடமாடவும் கட்டுப்பாடு இருக்கும். தாலி ஏறும் கணத்தை மறுபடி நடத்திக் காட்டச் சொல்ல முடியாது. எஃப் 2.8 ஜூம் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்காகவே இருக்கிறது. கிட் லென்ஸின் நீண்ட முனையைவிட இது 4 மடங்கு வெளிச்சம் தரும், எஃப் 1.8 பிரைமைவிட இரண்டரை மடங்கு குறைவாகத் தரும். ஏ.பி.எஸ்-சி கேமராக்களுக்கு டாம்ரான் 17-50, சிக்மா 17-50 இரண்டும் நெடுங்காலம் கைகொடுத்தவை. அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்குச் சிக்மா 18-50, டாம்ரான் 17-70 இருக்கின்றன.

படம் எடுத்துச் சம்பாதிக்கிறீர்கள் என்றால் வாங்குங்கள், இரண்டு மூன்று முகூர்த்த மாதங்களில் பயன் தெரியும். சம்பாதிக்கவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். அக்காள் கல்யாணத்துக்கு மட்டும் வேண்டுமென்றால், வாடகைக்குக் கிடைக்குமா என்று ஸ்டுடியோக்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள். எஃப் 2.8 ஜூமுக்கு ஆகும் பணத்தில் ஒரு 35 பிரைமும் ஒரு 55-250 ஜூமும் வாங்கி, கிட் லென்ஸையும் வைத்துக்கொண்டால் இந்தச் சீமையில் நீங்கள் எடுக்க நினைப்பவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும். வரிசை கேட்டால், பிரைம் முதலில், தொலைவு ஜூம் பிறகு. பறவைகளுக்காகவே கேமரா வாங்கியவர்கள் மட்டும் இதைத் திருப்பிக்கொள்ளலாம்.

வாங்கும் இடத்தில்

கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். லென்ஸ் மாட்டும் வளையம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரே நிறுவனத்திலும் டி.எஸ்.எல்.ஆருக்கு ஒன்று, மிரர்லெஸ்ஸுக்கு ஒன்று. பழைய லென்ஸைப் புதிய மிரர்லெஸ்ஸில் மாட்ட அடாப்டர் வேண்டும், அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

நிக்கான் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. ஏ.எஃப்.-எஸ். என்று போட்ட லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், அவை வேலை செய்யும். பழைய 50 எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் ஆட்டோ ஃபோகஸ் இயங்காது, கையால் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறே இல்லை, சோதித்து வாங்குங்கள். கைபேசியின் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல் கிளைத்துத் தெரிந்தால் பூஞ்சை, வாங்காதீர்கள். ஒன்றிரண்டு தூசிகள் படத்தைக் கெடுப்பதில்லை. அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா பாருங்கள். ஜூம் என்றால் கீழ்நோக்கிப் பிடித்ததும் தானாக நீண்டு விழுகிறதா பாருங்கள். பிறகு செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று முழுத் திறப்பில் எடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகவும் மங்கியிருந்தால் அந்த லென்ஸ் கீழே விழுந்து அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் வாரங்கள்

புதிய பிரைமில் முதலில் வரும் ஏமாற்றம், மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருப்பது. கேமரா தானாகப் புள்ளி தேர்ந்தெடுப்பதை நிறுத்துங்கள். ஒற்றை ஃபோகஸ் புள்ளியை நீங்களே அருகிலுள்ள கண்ணின் மேல் வையுங்கள். கண்ணை அடையாளம் காணும் மிரர்லெஸ் கேமரா என்றால் அந்த வசதியை நம்பலாம். 50 லென்ஸில் 2 மீட்டர் தள்ளி எஃப் 1.8-இல் ஆழம் 11 செ.மீ. அளவு இருக்கும். ஓர் ஆளுக்கு அது போதும். தாத்தாவும் பேரனும் முன்பின்னாக அமர்ந்திருந்தால் போதாது, எஃப் 4-க்குப் போங்கள்.

திறப்பை நீங்கள் வைத்து ஷட்டரைக் கேமராவிடம் விடும் அபர்ச்சர் முன்னுரிமை முறையில், ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக்கி உச்சவரம்பை 6400 என்றும், ஷட்டரின் கீழ்வரம்பை 1/125 என்றும் அமைத்துவிட்டால் கவனம் முழுவதும் முகத்தில் இருக்கும். கீழ்வரம்பு அமைக்கும் வசதி இல்லாத கேமராக்களில் ஷட்டர் எண்ணை அவ்வப்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரத்திலிருந்து காப்பாற்றுவது

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருப்பவர்களும், பாபநாசத்துக்கும் குற்றாலத்துக்கும் அடிக்கடி போகிறவர்களும் இதை வாங்கிய அன்றே செய்ய வேண்டும். சாரலில் நனைந்த பைக்குள் லென்ஸை வைத்து மூடிவிட்டால் பூஞ்சை பிடிப்பது உறுதி. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடேற்றி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். பழையதாக வாங்கிய லென்ஸில் பூஞ்சையின் தடம் இருப்பது பிறகு தெரியவந்தால், சுத்தம் செய்து முடிக்கும்வரை அதை மற்ற லென்ஸ்கள் இருக்கும் டப்பாவில் வைக்காதீர்கள்.